தூங்குகிறவர்களின் டப்பா

“அப்பா, செத்தவங்கள எந்த டப்பாவுல வைக்கணும்?”

முதல் ஆட்டம் முடிந்து சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது மகன் கேட்டான். அப்போது அவனுக்கு எட்டு வயது. சாப்பாட்டு மேசையில் பழைய பச்சைப் போர்வையை விரித்து, அதன்மேல் இரண்டு மணி நேரம் சண்டை நடந்திருந்தது. அவன் உள்ளங்கையில் ஒன்பது எலும்புக்கூடு வீரர்கள். ஒவ்வொருவனும் என் கட்டைவிரலின் மேல்கணு அளவுதான். ஆட்டத்தில் விழுந்தவர்கள் இவர்கள். விழாதவர்கள் இன்னும் மேசைமேல் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகப் போட அவனுக்கு மனசு வரவில்லை.

“எல்லாருக்கும் ஒரே டப்பாதான்டா. அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் திரும்ப வருவாங்க.”

“அப்ப இவங்க சாகலையா?”

“செத்துட்டாங்க. ஆனா அடுத்த ஆட்டத்துக்கு வருவாங்க.”

“எப்படி வருவாங்க?”

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு வீரன் எப்படி அடிபடுவான், அதற்கு எத்தனை பகடை உருட்ட வேண்டும், கவசம் போட்டிருந்தால் எப்படித் தப்புவான் என்பதெல்லாம் பக்கம் பக்கமாக இருந்தது. விழுந்தவன் ஆட்டம் முடிந்ததும் எங்கே போகிறான் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அவன் காத்திருந்து பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போய் இன்னொரு டப்பா எடுத்துவந்தான். எங்கள் வீட்டில் இன்று இருக்கும் நாடு, அதன் ஆறுகள், ஊர்கள், சண்டை சச்சரவுகள் எல்லாம் அந்த இரண்டாவது டப்பாவிலிருந்து வந்தவை.

இந்த விளையாட்டைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சின்னச் சின்ன வீரர் பொம்மைகளைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டு இது. சதுரங்கம் போலக் கட்டங்கள் கிடையாது. மேசையே நிலம், அதில் மேடு, ஆறு, சுவர், தோப்பு எல்லாம் நாமே செய்து வைக்க வேண்டும். வீரர்களை அளவுகோல் வைத்து இத்தனை அங்குலம் என்று நகர்த்துவோம், சண்டையைப் பகடை தீர்க்கும். உலகம் முழுக்கப் பெயர் தெரிந்தது வார்ஹாமர், 1983-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பொம்மைகள் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் அளவு. பல பேர் அதை உள்ளங்காலிலிருந்து கண்மட்டம் வரைக்கும்தான் அளப்பார்கள்.

எங்களுக்கு இது 2022 கோடை விடுமுறையில் வந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த என் மைத்துனர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து பிள்ளைகளிடம் கொடுத்தார். ஒரு பக்கம் கவசம் போட்ட மனிதர்கள், இன்னொரு பக்கம் எலும்புக்கூடுகள். பன்னிரண்டு வயது மகள் மனிதர்களை எடுத்துக்கொண்டாள். மகன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “இவங்க ஏற்கெனவே செத்துட்டாங்க. இனிமே சாக மாட்டாங்க” என்று எலும்புக்கூடுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அதனால்தான் முதல் ஆட்டத்தின் முடிவு அவனுக்கு அவ்வளவு பெரிய ஏமாற்றமாக இருந்தது.

பெட்டியைத் திறந்ததும் விளையாடலாம் என்று நினைத்தவர்கள் அத்தனை பேரும் அன்று ஏமாந்தோம். உள்ளே வீரர்கள் இல்லை. கையும் காலும் தலையும் தனித்தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டங்கள்தான் இருந்தன. ஒவ்வொரு துண்டையும் வெட்டி எடுக்க வேண்டும். அச்சு சேர்ந்த இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு இருக்கும், அதைக் கத்தி முனையால் சுரண்ட வேண்டும். பிறகு ஒட்ட வேண்டும். பிறகு பிரைமர். பெயின்ட் பிடிப்பதற்காக அடிக்கும் முதல் பூச்சு அது. அதற்கு அப்புறம்தான் நிறம்.

அந்த இரண்டு மாதத்தில் நாங்கள் ஒருமுறைகூட விளையாடவில்லை. ஆனால் தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்துவிடுவோம். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. பேசிக்கொள்ளாமல் ஒரே வேலையைச் செய்கிறவர்கள், கொஞ்ச நேரம் கழித்து வேறு எதையாவது பேசத் தொடங்குவார்கள். பள்ளிக்கூடத்தில் நடந்ததை என் மகள் முகம் பார்த்துச் சொன்னதைவிட, ஒரு கேடயத்தின் விளிம்புக்குப் பித்தளை நிறம் தீட்டிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னதுதான் அதிகம்.

நிறம் தீட்டுவதில் இரண்டே இரண்டு வித்தை தெரிந்தால் போதும், பிள்ளைகள் வியந்துபோவார்கள். ஒன்று வாஷ். தண்ணீர் போன்ற அடர்நிறப் பெயின்டை மேலே பூசிவிட்டால் அது தானாக வழிந்து பள்ளங்களில் தங்கும். விலா எலும்புகளுக்கு நடுவில் நிழல் விழுந்துவிடும். இன்னொன்று டிரை பிரஷ். பிரஷ்ஷில் தொட்ட பெயின்டைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, ஏறக்குறைய காய்ந்த மயிரால் லேசாக வருடினால் மேடுகளில் மட்டும் வெளிச்சம் ஒட்டும். வெள்ளை எலும்புக்கூடு மேல் பழுப்பு வாஷ் ஓடிக் காய்ந்து, மேலே தந்த நிறம் ஏறியதும், அது பத்து நிமிடத்துக்கு முன்னால் பிளாஸ்டிக்காக இருந்தது என்பதை நம்ப முடியாது. மகன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நடு ராத்திரி வரை தூங்கவில்லை.

எங்கள் ஊர்ச் சூடு தனிப் பாடம். நாங்கள் இருப்பது தாம்பரம் பக்கம். மே மாதத்தில் அக்ரிலிக் பெயின்ட் தட்டில் ஊற்றிய ஐந்தாவது நிமிடம் தோலாகிவிடும். டிபன் டப்பாவில் ஈர ஸ்பாஞ்சைப் பரப்பி, அதன்மேல் பட்டர் பேப்பரைப் போட்டு, அதில் பெயின்ட் கலக்கக் கற்றுக்கொண்டோம். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். மழைக்காலத்தில் பிரச்சினை தலைகீழ். காற்றில் ஈரம் இருக்கும்போது ஸ்பிரே பிரைமர் அடித்தால் வீரன் மேல் மணல் தூவியது போலச் சொரசொரப்பாகிவிடும். ஐந்து பேரை அப்படி இழந்தபின் பிரஷ்ஷால் பூசும் பிரைமருக்கு மாறினோம். தெர்மோகோலில் ஆசையாகச் செய்த குன்று ஒன்றுக்கு ஸ்பிரே அடித்து, அது கண்ணெதிரே குழிகுழியாக உருகியதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். யாராவது செய்யப்போனால் முதலில் ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து குன்று முழுக்கப் பூசி, காயவிட்டு, அதற்கு மேலும் ஸ்பிரே வேண்டாம், பிரஷ்ஷாலேயே நிறம் கொடுங்கள்.

என் அம்மா இதையெல்லாம் முதல் ஒரு மாதம் தள்ளி நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். எழுபது வயது தாண்டியும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர். ஒரு ராத்திரி வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் ஈட்டி பிடித்த ஒரு பெண் வீரருக்குக் கண் எழுதப் போய்க்கொண்டிருந்தாள். இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் பலர் கண்ணை முதலிலேயே எழுதிவிடச் சொல்வார்கள். பிசகினாலும் சுற்றியிருக்கும் முகத்தைப் பிறகு பூசும்போது திருத்திக்கொள்ளலாம். வீடியோ பார்த்து அவள் அதைத்தான் செய்யவிருந்தாள்.

“கண்ணையா மொதல்ல எழுதுவாங்க?” என்றார் அம்மா. “எல்லாம் முடிச்சு கடைசியிலதான் கண்ணு தொறக்கணும்.”

“பாட்டி, இதுல அப்படி இல்ல. தப்பாப் போனா சரிபண்ண முடியாது.”

“சரிபண்ண முடியாதுன்னுதான் கடைசியில தொறக்கறது.”

மகள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டாள். கோயில் சிலைக்குக் கண் திறப்பதைப் பாட்டி சின்ன வயதில் பார்த்த கதையை முழுதாகக் கேட்டாள். அந்த ஈட்டிக்காரிக்கு உடையும் கவசமும் முடியும் எல்லாம் முடிந்தபிறகு, நான்கு நாள் கழித்து, அம்மா கையில் மெல்லிய பிரஷ்ஷைக் கொடுத்தாள். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு புள்ளி வைத்தார். இடது கண் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. “காத்தாயி” என்றார். எங்கள் குலதெய்வத்தின் பெயர். அதுவரை எங்கள் வீட்டு வீரர்கள் யாருக்கும் பெயர் கிடையாது.

பெயர் வந்ததும் ஆட்டம் மாறிவிட்டது. ஒரு வீரனை வேண்டுமென்றே பலி கொடுத்து எதிரியை இழுப்பது நல்ல உத்தி. பெயர் இல்லாத வரை மகள் அதைத் தயங்காமல் செய்தாள். காத்தாயியை அப்படி முன்னே அனுப்ப அவளால் முடியவில்லை. அதனால் இரண்டு ஆட்டம் தோற்றாள்.

கொலு நெருங்கியது. அம்மாவின் கொலுவில் எப்போதும் பெயர்பெற்றது படிகள் அல்ல, கீழே போடும் பார்க்தான். மணலைப் பரப்பி, ஒரு வாரம் முன்பே கடுகும் கேழ்வரகும் விதைத்து முளைக்கவிடுவார். நவராத்திரி தொடங்கும்போது விரல் உயரத்துக்குப் புல்வெளி நிற்கும். கண்ணாடி வைத்தால் குளம். கோலமாவு போட்டால் சாலை. இதையெல்லாம் நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், ஆனால் அந்த வருஷம்தான் உறைத்தது. போர்க்கள நிலம் செய்வது எப்படி என்று நான் மாதக்கணக்காகக் கணினியில் தேடிக்கொண்டிருந்தேன். அது ஐம்பது வருஷமாக என் வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நிலத்துக்கு நான் எதையும் கடையில் வாங்கியதில்லை. வடிகட்டிய காபிச் சக்கையை வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து ஃபெவிகால் மேல் தூவினால் வண்டல் மண் (சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை பூத்துவிடும், இரண்டு முறை பூத்தது). தென்னை நாரைப் பிரித்து நட்டால் நாணல். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைக் கிழித்து ஈர்க்குச்சியில் சொருகினால் மரம். செங்கல் பொடி காய்ந்த ஏரிக்கு. இவையெல்லாம் சேர்ந்தபோது அந்த நிலம் வடநாட்டுப் பனிமலையாகவோ ஐரோப்பியக் கோட்டையாகவோ ஆகவில்லை. காவிரிக் கழிமுகம் மாதிரி ஆகிவிட்டது. யாரும் திட்டமிடவில்லை, கையில் கிடைத்த பொருள் அப்படி. மகள் அதற்கு உப்பங்கரை என்று பெயர் வைத்தாள். மாத காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைபடம் போட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் எலும்பர் மேடு.

ஒன்பது நாளும் காத்தாயி கொலுப் பார்க்கில் குளக்கரையில் நின்றாள். வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது கொலுவில் சேர வேண்டும் என்பது வழக்கம். அந்த வருஷத்துப் புதுப் பொம்மை அவள்தான் என்று அம்மா முடிவுசெய்துவிட்டார். மகனின் கேள்விக்குப் பதில் வந்தது விஜயதசமி ராத்திரி. கொலுவை எடுப்பதற்கு முன் ஒரு பொம்மையையாவது படுக்க வைப்பார்கள். அம்மா மரப்பாச்சி ஜோடியைப் பட்டுத்துணியோடு படியில் சாய்த்துப் படுக்க வைத்தார். மகன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“பாட்டி, அவங்க செத்துட்டாங்களா?”

“சீச்சீ. என்ன பேச்சு இது. தூங்கறாங்க. அடுத்த வருஷம் எழுப்புவோம்.”

அவன் உள்ளே ஓடிப்போய் அந்த இரண்டாவது டப்பாவை எடுத்துவந்தான். ஒன்பது எலும்புக்கூடுகளையும் மரப்பாச்சிக்குப் பக்கத்தில் வரிசையாகப் படுக்க வைத்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஒரு சின்னக் கைக்குட்டையை எடுத்து அவர்கள்மேல் போர்த்தினார்.

இதே கேள்வி இன்னொரு வீட்டில் எப்படித் தீர்ந்தது என்பதைப் பிற்பாடு படித்தேன். பின்னாளில் நாவலாசிரியர்களாகப் புகழ்பெற்ற பிரான்டே சகோதரிகளின் வீடு அது. இங்கிலாந்தில் ஹாவர்த் என்ற ஊரில் அவர்களின் அப்பா, பாதிரியார் பாட்ரிக் பிரான்டே, 1826 ஜூன் மாதம் லீட்ஸ் நகரத்துக்குப் போனவர், மகன் பிரான்வெல்லுக்காகப் பன்னிரண்டு மரச் சிப்பாய்களை வாங்கிக்கொண்டு ராத்திரி திரும்பினார். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். காலையில் பிரான்வெல் பெட்டியோடு அக்கா தங்கைகளின் அறை வாசலில் நின்றான். பத்து வயது ஷார்லட் ஒன்றைப் பிடுங்கி, இவன் வெலிங்டன் பிரபு, இவன் எனக்கு என்றாள். எமிலி எடுத்தவன் உம்மென்ற முகத்தோடு இருந்ததால் அதையே அவனுக்குப் பெயராக்கினார்கள். சின்னவள் ஆனுக்கு அவளைப் போலவே ஒரு குட்டி ஆள் கிடைத்தான். பிரான்வெல்லுக்கு, வெலிங்டன் போரில் தோற்கடித்த நெப்போலியன்.

அந்தப் பன்னிரண்டு பேரும் கடல் கடந்து போய்க் கண்ணாடி நகரம் என்ற ஊரைக் கட்டினார்கள். அவர்கள் படிப்பதற்காகப் பிள்ளைகள் தீப்பெட்டி அளவில் பத்திரிகை தயாரித்தார்கள், அச்சு போலவே எறும்பு எழுத்தில். அதில் ஓர் இதழ் 2019-ல் பாரிஸ் ஏலத்தில் 6 லட்சம் யூரோவுக்கு வாங்கப்பட்டு ஹாவர்த்துக்குத் திரும்பியிருக்கிறது. பிறகு எமிலியும் ஆனும் தனியாகப் பிரிந்து, ‘காண்டல்’ (Gondal) என்று ஒரு தீவை உருவாக்கினார்கள். 1845-ல் இரண்டு பேரும் யார்க் நகரத்துக்குப் போன பயணம் முழுக்க அந்தத் தீவின் மனிதர்களாகவே நடித்துக்கொண்டு போனதை எமிலி எழுதிவைத்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது 26.

என்னை நிறுத்திய விஷயம் வேறு. அந்த உலகத்தில் நான்கு பூதங்கள் உண்டு: டாலி, பிரானி, எமி, ஆனி. நான்கு பிள்ளைகளும்தான் அந்த நான்கு பூதங்கள். சண்டையில் இறந்த சிப்பாய்களை அவர்கள் உயிர்ப்பித்துவிடுவார்கள். 1821-ல் அந்த வீட்டில் தாய் இறந்திருந்தார். 1825-ல் சில வாரங்களுக்குள் மூத்த அக்காக்கள் மரியாவும் எலிசபெத்தும் இறந்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் வந்த பொம்மைகள் அவை. நான் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் போர் விளையாட்டுக்கு முதன்முதலில் பொதுமக்களுக்கான விதி எழுதிப் புகழ்பெற்றவர் ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ். தன் இரண்டு மகன்களோடு தரையில் ஆடிய ஆட்டங்களை 1911-ல் ஒரு புத்தகமாகவும், ஈயச் சிப்பாய்களுக்கான போர் விதிகளை 1913-ல் இன்னொன்றாகவும் வெளியிட்டார். அவருடைய விதியில் காலாள் ஒரு தடவைக்கு ஓரடி, குதிரை இரண்டடி. ஸ்பிரிங் பீரங்கியால் மரக்குச்சியைச் சுட்டு உண்மையாகவே பொம்மையைக் கீழே தள்ள வேண்டும். இந்தச் சின்னப் போரை மூன்று நான்கு முறை ஆடினால் நிஜப் போர் எவ்வளவு தடுமாற்றமான காரியம் என்று புரிந்துவிடும் என்ற கருத்தோடு அந்தப் புத்தகத்தை முடித்தார். அடுத்த வருஷம் உலகப் போர் தொடங்கியது.

போரைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகக் கொடுக்கலாமா என்று என் மனைவி ஆரம்பத்திலேயே கேட்டாள். “2009-ல டிவியில பாத்தத மறந்துட்டீங்களா?” என்றாள். மறக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததைப் பார்த்தவர்கள் யாரும் இதை லேசாகக் கடந்துபோக முடியாது, கடந்துபோகவும் கூடாது. அன்று நாங்கள் உட்கார்ந்து பேசி ஒரு முடிவெடுத்தோம். நிஜமான எந்த நாட்டின் படையும், எந்தக் கொடியும், துப்பாக்கி ஏந்திய இந்தக் காலத்துச் சிப்பாயும் எங்கள் மேசைக்கு வர மாட்டார்கள். இரண்டாம் உலகப் போர்ச் சிப்பாய்களை வரலாற்று அக்கறையோடு நுணுக்கமாகச் செய்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள், அவர்கள் வேலையை மதிக்கிறேன். எங்கள் வீட்டுக்கு அது வேண்டாம். அந்த முடிவில் இன்றும் எனக்கு மாற்றமில்லை.

தூங்கும் விதி வந்தபின் உப்பங்கரை வேகமாக வளர்ந்தது. ஆட்டத்தில் விழுந்தவன் தூங்குகிறவர்களின் டப்பாவுக்குப் போவான். அவனை எழுப்ப வேண்டுமானால் அவனுக்குச் சொந்தக்காரர் ஒரு கதை சொல்ல வேண்டும்: தூங்கும்போது என்ன கனவு கண்டான், யார் எழுப்பினார்கள், எழுந்ததும் என்ன கேட்டான். கதை இல்லாவிட்டால் எழ முடியாது. மகனுக்கு முதலில் கதை வரவே இல்லை. “தாகமா இருந்துச்சு, எழுந்துட்டான்” என்பான். அக்கா விடமாட்டாள். எந்தக் கிணற்றுத் தண்ணீர், யார் இறைத்துக் கொடுத்தது என்று குடைவாள். அப்படித்தான் எலும்பர் மேட்டில் ஒரு கிணறு வந்தது. தண்ணீர் இறைக்கும் கிழவி வந்தாள். அந்தக் கிழவியிடம் தண்ணீர் குடித்த உப்பங்கரைக்காரன் ஒருவன் எலும்பர்களோடு சண்டை போட மறுத்தபோது, மேசையில் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அரை மணி நேரம் பேசி, அவனை ஆற்றின் நடுவில் படகுக்காரனாக வைத்தோம். அவன் இரண்டு பக்கத்து ஆட்களையும் ஏற்றிச் செல்வான். எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத ஆள். எங்கள் மேசையில் எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும்.

இப்போது மகளுக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்பு, டியூஷன், பரீட்சை. மாதத்துக்கு ஓர் ஆட்டம் நடந்தால் பெரிது. ஆனால் பிரான்டே பிள்ளைகளின் குட்டிப் பத்திரிகையைப் பற்றி நான் சொன்னதிலிருந்து அவளும் ஒன்று நடத்துகிறாள். பெயர் உப்பங்கரைச் செய்தி. இரண்டு விரல் அகலம், எட்டுப் பக்கம், நடுவில் நூல் தையல். மீன் விலை இருக்கும். படகுக்காரன் கட்டணம் ஏற்றியதைப் பற்றிப் புகார் இருக்கும். கடைசிப் பக்கத்தில் எப்போதும் ஒரே தலைப்பு: நாளை எழுபவர்கள்.

போன வருஷம் கண்புரை அறுவைக்குப் பிறகும் அம்மாவுக்கு அந்த எழுத்தைப் படிக்க முடிவதில்லை. கண் திறக்கும் வேலையை மகளிடம் ஒப்படைத்துவிட்டார். அவளும் கடைசியில்தான் திறக்கிறாள். இந்த விஜயதசமிக்கு மறுநாள் காலை கொலுப் பொம்மைகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது, மகள் பத்திரிகையைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினாள். மீன் விலை, திருமண அறிவிப்பு, வெள்ள எச்சரிக்கை. கடைசிப் பக்கத்தில் ஏழு பெயர். அம்மா கையில் இருந்த செட்டியார் பொம்மையைக் கீழே வைத்தார்.

“காத்தாயி பேரைக் காணோமே?”

“அவ போன மாசம்தான் விழுந்தா பாட்டி. அவளுக்கு இன்னும் கதை எழுதல. பரீட்சை இருந்துச்சு.”

“கதையை நான் சொல்றேன், நீ எழுது” என்றார் அம்மா. மகள் பேனாவை எடுத்தாள். மகன் தூங்குகிறவர்களின் டப்பாவைத் திறந்து, அவளைத் தேடி எடுத்து, இன்னும் கலைக்காத மணல் பார்க்கின் குளக்கரையில் சாய்த்து வைத்தான்.